ஒன்பது வீட்டு ஆராய்ச்சி

செண்பகவடிவு சமூகவியல் எம்.ஏ. முதல் வருஷம். ஆய்வுமுறை வகுப்பில் தூங்காமல் இருந்தது அவள் ஒருத்திதான் என்பதால் குழுத் தலைவி ஆக்கிவிட்டார்கள். முழித்திருந்தாளே தவிர ஒன்றும் புரிந்ததில்லை. இதை அவளே எல்லோரிடமும் ஒப்புக்கொள்வாள். அவளைவிடக் கொஞ்சம் குறைவாகப் புரிந்தவர்கள் தவசிக்கனியும் எட்வினும். மூன்று பேரும் ஒரே குழு.

பேராசிரியர் பொன்னம்பலம் மூவரையும் நொச்சிக்கரைக்கு அனுப்பினார். "மாமியார் மருமகள் உறவு எப்படி இருக்குன்னு விசாரிச்சுட்டு வாங்க. பத்தாவது பத்தாவது வீடாப் பாத்துக் கேக்கணும். ஆராய்ச்சின்னா விலகி நிக்கணும், அதை மறந்திராதீங்க. திங்கக்கிழமை அறிக்கை வரலைன்னா பரீட்சை கிடையாது."

நொச்சிக்கரையில் இருந்ததே ஒன்பது வீடு.

மூவரும் தெருமுனையில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஒரு வீடு கட்டிருவோமா?" என்றான் எட்வின்.

"திங்கக்கிழமைக்குள்ள கான்கிரீட் காயாதுலே," என்றான் தவசிக்கனி, ரொம்பக் கவலையாக.

வழி கண்டுபிடித்தது செண்பகவடிவுதான். ஒன்பதையும் எண்ணிவிட்டு முதல் வீட்டுக்கே வந்தால் அது பத்து! தன் மூளைமேல் அவளுக்கே அன்றைக்குத்தான் முதன்முதலாக மரியாதை வந்தது. இந்தக் கணக்கில் ஒன்பது வீட்டையும் முடிக்கத் தெருவைப் பத்துச் சுற்று சுற்றவேண்டி வந்தது.

அடுத்து, விலகி நிற்பது.

"எத்தனை அடி வடிவு?" என்றான் எட்வின்.

"சார் சொல்லலையே. பரீட்சை விஷயம். நாப்பது வெச்சுக்குவோம்."

நாற்பது அடி அளந்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கத்தினாள். "பாட்டீ! மருமக ஒழுங்காச் சோறு போடுதாளா?"

"எங்க போடுதா? குழம்புங்கா, கை கழுவுன தண்ணி மாதிரி இருக்கு!" என்று வாசலிலிருந்து பதில் வந்தது. பின்னாலேயே மருமகள் கரண்டியோடு வந்தாள். சமாதானம் பண்ண வந்த பக்கத்து வீட்டுக்காரி இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பத்தாவது சுற்று முடியும்போது ஒன்பது வீட்டிலும் சண்டை.

திங்கட்கிழமை செண்பகவடிவு அறிக்கையை நீட்டினாள். "நாங்க போறதுக்கு முன்னால சண்டை இல்ல சார். போன பெறகு எல்லா வீட்டுலயும் சண்டை. காரணம் நாங்கதான் சார்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரமாதம்! என்கிட்டப் படிச்சதுல ஒருத்தர்கூட இதுவரைக்கும் காரணம் கண்டுபிடிச்சதில்ல. ஆனா ஒப்பிட்டுக் காட்ட நீங்க போகாத ஊர் ஒண்ணு வேணும். பக்கத்துல வேலங்கரை இருக்குல்லா? அங்க போகாதீங்க. போகலைங்கறதுக்கு எழுத்துல ஆதாரம் வேணும்."

அன்று மத்தியானமே மூவரும் வேலங்கரைக்குப் பஸ் ஏறினார்கள். வீடு வீடாகப் போய்த் தாளை நீட்டினார்கள்.

"நாங்க உங்க ஊருக்கு வரவே இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

கேட்டவர்கள் எல்லோரும் போட்டார்கள். கடைசி வீட்டுக்காரர் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"நீங்க வராத அன்னைக்கு நான் ஊர்லயே இல்லையேம்மா. பாக்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போட?"

நியாயம்தானே என்று அவரை மட்டும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.