விரால் மேலே வந்து மூச்சு வாங்கும் கதை

மீனுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், ஒரு குளத்தை ஒட்டிய மேட்டில் நல்லக்காள் என்ற சாயக்காரி குடியிருந்தாள். நூலுக்கு நீலச் சாயம் ஏற்றுவது அவள் தொழில். தொட்டியில் மிஞ்சும் சுண்ணாம்பையும் சாயக் கசடையும் கொல்லையில் கொட்டிவிடுவாள்.

அந்தக் குளத்தில் ஒரு விரால் இருந்தது. நல்லக்காள் தண்ணீர் மொள்ள வரும்போதெல்லாம் அதோடு பேசிவிட்டுத்தான் போவாள். அந்த ஐப்பசியில் விரால் குஞ்சு பொரித்திருந்தது. சிவப்பாய், பொடிப்பொடியாய், நூற்றுக்கணக்கில்.

“அக்கா, மழை இருட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் கொல்லைத் தண்ணீர் நேரே இங்கேதான் இறங்கும். அந்தக் கசடை அள்ளிக் குழியில் போட்டு மூடிவிடுங்களேன். என் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள்” என்றது விரால்.

“என் கொல்லையில்தானே கொட்டுகிறேன்? உன் குளத்திலா கொட்டினேன்?” என்று சிரித்தாள் நல்லக்காள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. குழி வெட்டச் சோம்பல்பட்டு, கொல்லைக்கும் குளத்துக்கும் நடுவே மண்ணால் ஒரு வரப்பு போட்டாள். “வரப்பு போட்டாயிற்று, பயப்படாதே” என்று வந்து சொன்னாள். விரால் நம்பியது. குஞ்சுகளை எதிர்க்கரைக்குக் கூட்டிப்போக நினைத்திருந்தது, போகவில்லை.

மறுநாள் மதியம் மழை கொட்டியது. வரப்பு தாங்கியது. தாங்கியதாலேயே தண்ணீர் கொல்லையில் தேங்கி, சாயம் ஏற்றிய நூல் சிப்பங்கள் கிடந்த கொட்டகை வாசல்வரை ஏறியது. இரண்டு மாத உழைப்பு உள்ளே கிடந்தது. நல்லக்காள் மண்வெட்டியோடு மழையில் நின்றாள். ஒருமுறை குளத்தைப் பார்த்தாள். பிறகு வரப்பை வெட்டிவிட்டாள்.

மழை விட்டதும் கரைக்குப் போனாள். குஞ்சுகள் வெளுத்துப்போய்க் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. நீல நீரின் நடுவே விரால் தலையை நீட்டி, வாயைத் திறந்து திறந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது.

“வரப்பு உடைந்துபோச்சு” என்றாள்.

“தானாகவா அக்கா?”

விரால் சற்று நேரம் காத்திருந்தது. பிறகு மூழ்கிவிட்டது. அதற்கப்புறம் அது எந்த மனிதரோடும் பேசவே இல்லை.

நூல் நனையவில்லை. குடிதண்ணீருக்குத்தான் அவள் அடுத்த ஊர்க் குளம்வரை நடக்க வேண்டியிருந்தது.

விரால் தண்ணீரை மட்டும் நம்பாமல் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிப் போவதும், கரையில் ஆள் நிழல் பட்டதுமே சேற்றுக்குள் மறைவதும் அன்று தொடங்கியதுதான்.