மூன்று கோல் போட்ட ஊசி

கால்பந்து காலால் ஆடப்படுகிறது என்ற மூடநம்பிக்கையை முதலில் களைய வேண்டும். அது ஊசியால் ஆடப்படுகிறது. இந்த உண்மையை உலகுக்கு அளித்தவர் மாவட்டத் தேர்வுக்குழுத் தலைவர் டாக்டர் தனசிங்.

இறுதிப் போட்டியில் மூன்று கோல் போட்ட பிரிஜித்தாவுக்குச் சிறுவயதில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி எழுதிக் கொடுத்தவர் அவர்தான். பாராட்டு விழா மேடைக்குப் பின்னால் அவளை நிறுத்தினார்.

"மூணு கோலும் என் ஊசியாலதான்னு மைக்கில சொல்லணும். இல்லேன்னா மாநில அணிக்கு உன் பேரு போகாது."

பத்து வருஷமாகக் கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்தை உருட்டி ஓடியவள் பிரிஜித்தா. பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"மூணு கோலும் டாக்டர் ஊசியாலதான். அதே ஊசிய என்கூடப் போட்டவங்க அந்தா இருக்காங்க, தையற்கடை மெர்சியும் மீன் விக்கிற ஜெபமணியும். என்னைவிட நாலு விரல் உயரம் வேற. அவங்களையும் மாநில அணியில சேத்துக்கிடுங்க சார்."

டாக்டர் பதறிப்போய் மைக்கைப் பிடுங்கினார். "அதெப்படிம்மா? அவங்களுக்குப் பந்தாடத் தெரியாதே."

"அப்போ எனக்கு?" என்றாள் பிரிஜித்தா. அவள் சிரிக்கவில்லை. கூட்டம் சிரித்தது.

மறுநாள் மாநில அணிக்கு அனுப்பிய பட்டியலில் அவள் பெயர் இருந்தது. தகுதி என்ற கட்டத்தில், டாக்டரின் கையெழுத்தில், "பந்தாடத் தெரியும்" என்று எழுதியிருந்தது.