மக்கு மணி

"டீச்சர், அந்த மணியை இன்னைக்கு ஒரு நாளாவது கழட்டி வைப்போமே" என்றார் ஆவுடையப்பன்.

எஸ்தர் டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏன்?"

"பெரிய ஆளுங்க வாறாங்க. மானம் போயிரும்."

"கழட்டணும்னு தோணிச்சுன்னா கழட்டுங்க."

அவ்வளவுதான் சொன்னார். ஆவுடையப்பன் அந்த நிமிஷமே ஸ்டூலில் ஏறிவிட்டார்.

மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கல்லூரி மிகச் சின்னது. கணக்கு ஒன்றுதான் பாடம். வகுப்பின் நடுவில் ஒரு வெண்கல மணி தொங்கும். பாடம் புரியாதவர் அதன் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் டீச்சர் பலகை முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். பிள்ளைகள் அதற்கு மக்கு மணி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆவுடையப்பனுக்கு நாற்பத்தொரு வயது. தபால் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். ஊரே சிரித்தது. இங்கே பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்ததெல்லாம் அவர் மகன் வயசுப் பிள்ளைகள். அதுகள் முன்னால் கயிற்றை இழுப்பதாவது! புரிந்தாலும் புரியாவிட்டாலும் ஜோராகத் தலையாட்டுவார். மணியை அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

இன்றைக்கு அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய மாணவிகள் இரண்டு பேர் வருகிறார்கள். யார் யார்? புயல் வடக்கே போகும் என்று எல்லாரும் சொன்னபோது, இல்லை, தெற்கே வரும் என்று சொல்லிக் கடலோரத்துச் சனங்களை மேட்டுக்கு ஏற்றிய மெகருன்னிசா. பள்ளத்தாக்கின் குறுக்கே பாலம் போட்டு ஏழெட்டு மலைக் கிராமங்களை ஊரோடு சேர்த்த கோமதி. அந்தக் கோமதி இன்னொரு பாலம் கட்டப் போகிறார். கூட வேலை பார்க்க இங்கிருந்து ஒருவரைக் கூட்டிப்போவாராம்!

அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும் என்று ஆவுடையப்பன் வேண்டாத சாமி இல்லை. இது தப்பினால் திரும்பவும் தபால் பைதான்.

மணியைத் தன் வேட்டியில் சுற்றி, விடுதியில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். மணி இருந்த இடத்தில் ஒரு பலகையைத் தொங்கவிட்டார். தேக்குப் பலகை, தங்க எழுத்து. இரண்டு பேர் பெயரும் சாதனையும் பளபளத்தன.

கார் வந்து நின்றது.

இரண்டு பேரும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தார்கள். டீச்சரைக் கட்டிப்பிடித்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். சிரிப்பு நின்றுபோனது.

"டீச்சர், மணி எங்க?" என்றார் மெகருன்னிசா. "இந்தப் பலகையை யாரு இங்க மாட்டுனது?"

டீச்சர் சாக்பீஸை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான்" என்றார் ஆவுடையப்பன். "உங்க சாதனைக்கு முன்னால அந்த மணி எதுக்குன்னு..."

"என்ன சாதனை, அண்ணாச்சி?" கோமதி கேட்டார். "பாலத்தைத் திறக்க ரெண்டு நாள்தான் இருந்துச்சு. ஒரு தூணோட கணக்கு எனக்குப் புரியலை. மீட்டிங்ல அத்தனை பேரும் தலையாட்டுதாங்க. நான் கையைத் தூக்கினேன். பெரிய இன்ஜினீயர் சிரிச்சாரு. திரும்பப் போட்டுப் பாத்தா, கணக்கே தப்பு. அவருக்கும் புரியாமத்தான் இருந்திருக்கு."

"எனக்கும் அதே கதைதான்" என்றார் மெகருன்னிசா. "புயல் ஏன் வடக்கே போவும்னு சொல்லுதாங்கன்னு எனக்கு விளங்கலை. கேட்டேன். ஒருத்தருக்கும் சொல்லத் தெரியலை."

ஆவுடையப்பனுக்கு முகம் வெளுத்தது. விடுதிக்கு ஓடினார். மணியோடு ஓடிவந்தார். பலகை இறங்கியது, மணி ஏறியது.

அப்புறம் நடந்த கூத்தைப் பார்க்க வேண்டுமே! நாடறிந்த இரண்டு பெண்களும் ஒரே கயிற்றுக்கு அடித்துக்கொண்டார்கள். "நான்தான் முதல்ல!" "போடீ, உன்னைவிட நான்தான் நிறைய அடிச்சிருக்கேன்!" மணிச் சத்தம் மலையில் முட்டித் திரும்பியது.

கோமதி மூச்சு வாங்கிக்கொண்டு ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்.

"நீங்க எத்தனை தடவை அடிச்சீங்க, அண்ணாச்சி?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் இத்தனை நாளாகக் காத்திருந்தார். இப்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒரு தடவைகூட இல்லை."

"ஓ" என்றார் கோமதி. போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே ஆவுடையப்பன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

டீச்சர் ஒன்றும் நடக்காததுபோலப் பாடத்தை ஆரம்பித்தார். பலகையில் ஒரு தூணை வரைந்தார். காற்று, பாரம், சாய்வு என்று வரி வரியாக எழுதிக்கொண்டே போனார். ஐந்தாவது வரியில் ஆவுடையப்பனுக்குப் பிடி விட்டுப்போனது. பக்கத்தில் பார்த்தார். பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷம், அவர் தலையும் ஆடப் பார்த்தது.

எழுந்தார். அத்தனை பேரும் பார்க்க நடுவில் போய் நின்றார்.

கயிற்றை இழுத்தார்.

பின்பெஞ்சில் நாலைந்து பேர் "அப்பாடா" என்று மூச்சு விட்டார்கள்.

டீச்சர் பலகை முழுவதையும் அழித்தார். "எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?"

"முதல் நாள்லேருந்து, டீச்சர்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஆவுடையப்பனும் சிரித்தார். கையில் கயிற்றை விடவே இல்லை.

கோமதி நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் அவருக்கு இடம் விட்டார்.

"வண்டி அஞ்சு மணிக்கு, அண்ணாச்சி. பெட்டியைக் கட்டிருங்க."