பொடி உதிராத பேட்

கொல்லிமலையில், கொண்டை ஊசி வளைவுகள் இறங்கத் தொடங்கும் இடத்தில் எபநேசரின் மெக்கானிக் ஷெட் இருந்தது. இடம் எஸ்டேட் முதலாளி வச்சிரவேலுடையது.

"பிரேக் பேட் தேஞ்சு என் வெள்ளைக் கார் சக்கரமெல்லாம் கரும்பொடி. வெள்ளிக்கிழமை எடுக்க வருவேன். அப்புறம் ஒரு பொட்டுப் பொடி வந்தாலும் ஷெட்டை இடிச்சிருவேன்" என்றார் முதலாளி.

"செராமிக் பேட் போட்டா குறையும்ங்க ஐயா."

"குறையற கதை வேண்டாம். வரவே கூடாது" என்று காரை விட்டுப் போனார்.

முன்பு முதலாளியை எதிர்த்துப் பேசிய மெக்கானிக்கின் ஷெட் இருந்த இடத்தில் இப்போது ஆடு மேய்கிறது.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார், பின்னாலேயே கடப்பாரையோடு நான்கு ஆட்கள். கார் இறக்கத்தைப் பார்த்து நின்றது. சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்திருந்தது.

"இனி பொடியே வராதுங்க" என்றார் எபநேசர்.

முதலாளி ஏறி உட்கார்ந்தார். "நீ ஏறலியாடா?"

"எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குங்க."

"அதுக்கென்ன?"

"பேட் தேஞ்சாத்தான் வண்டி நிக்கும்ங்க. அந்தத் தேய்மானந்தான் பொடி. பொடியே வரக்கூடாதுன்னீங்க, அதனால பேட்டே போடலீங்க. கல்லை எடுக்கட்டுங்களா?"

முதலாளி கீழே குதித்த வேகத்தில் ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. கடப்பாரை ஆட்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"குறைஞ்சா போதும்ப்பா" என்றார்.

செராமிக் பேட் போட்டாயிற்று. ஷெட்டும் நிற்கிறது. இப்போதெல்லாம் மலை இறங்குமுன் முதலாளி சக்கரத்தைத் தடவிப் பார்க்கிறார். விரலில் கொஞ்சமாவது கரி ஒட்டினால்தான் அவருக்கு மூச்சு வருகிறது.