கடைவாய்ப் பல்லும் ஜமீன் கஞ்சியும்

கீழக்கரிசல் ஜமீன்தார் வீரபூபதிக்குப் பங்காளிகள் என்றால் பயம். எவனாவது விஷம் வைத்துவிடுவான் என்று, அவர் இலைக்கு வருவது எதுவானாலும் முன்னதாக வேலைக்காரன் உடையப்பன் ஒரு வாய் மென்று விழுங்கியாக வேண்டும். அவன் தின்னாததை அவர் தொடமாட்டார். வேறு ஆளை நம்பவும் மாட்டார்.

அந்த உடையப்பனுக்குக் கடைவாய்ப் பல்லில் குத்தல் எடுத்து, கன்னம் பணியாரமாக வீங்கிவிட்டது. பல்லைத் துளைத்து மருந்து வைத்து அடைத்தால் மறுநாளே மெல்லலாம், ஆனால் செலவாகும் என்றார் டவுன் டாக்டர். உடையப்பன் எசமானிடம் வந்து கேட்டான்.

“பல் உன்னுது, வலி உன்னுது. பணம் மட்டும் என்னுதாடா?” என்று சிரித்தார் ஜமீன்தார்.

“நியாயந்தாங்க” என்று போய்விட்டான்.

மத்தியானம் வெள்ளாட்டுக் கறி வறுவல் மணத்தது. உடையப்பன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, வேலையாட்களின் கஞ்சிப் பானையிலிருந்து ஒரு மடக்கு அள்ளிக் குடித்தான்.

“கறியைத் தின்னு பாருடா.”

“மெல்ல முடியலைங்க. கஞ்சி பத்திரமா இருக்கு எசமான், தைரியமாக் குடிங்க.”

ஜமீன்தார் கறியைப் பார்த்தார், பங்காளிகளை நினைத்தார், கஞ்சியைக் குடித்தார். மறுநாள் மாப்பிள்ளை விருந்து. எல்லோரும் எலும்பைக் கடிக்க, அவர் மட்டும் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். “மாமாவுக்கு வயிறு சரியில்லையா?” என்று மாப்பிள்ளை கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது.

“அந்தச் சனியன் பிடிச்ச பல்லைப் பிடுங்கிப் போட்டுட்டு வாடா” என்று கொஞ்சம் சில்லறையை எறிந்தார்.

உடையப்பன் பொறுக்கிக்கொண்டே சொன்னான்: “பிடுங்கிடலாம் எசமான். புண்ணு ஆற ரெண்டு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் நம்ம ரெண்டு பேருக்கும் கஞ்சிதான்.”

ஜமீன்தார் இடுப்பிலிருந்து பணப்பெட்டிச் சாவியை உருவினார்.