சென்சாரை எங்கே மாட்டுவது

"முள் பொய் சொல்லுது மேரி" என்றார் மாசிலாமணி.

உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர். வாழ்நாளெல்லாம் பிறருக்குச் சொல்லியே பழகியவர். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரைத் தேடி வந்தது அன்றுதான்.

தூத்துக்குடியில் ரேடியேட்டர் வேலைக்கு வியாகுலமேரியை விட்டால் ஆள் கிடையாது. வயதில் அவருடைய மகளைவிடச் சின்னவள். வாய் மட்டும் பெரியது.

"முள் எதுக்குப் பொய் சொல்லப் போவுது தலைவரே? அது என்ன எலெக்சன்லயா நிக்குது?"

அவர் சிரிக்கவில்லை.

பட்டறை வாசலில் சங்கத்தின் கார் நின்றது. அறுபதுகளில் செய்த வண்டி. ஒரு காலத்தில் சிவப்பு. ஒலிபெருக்கி கட்டுவதற்காகக் கூரையில் போட்ட துளைகள் அப்படியே இருக்கின்றன. மழை பெய்தால் உள்ளே ஒழுகும். அடைக்க அவர் விட்டதில்லை.

அந்தக் கூரையிலிருந்து கேட்டுத்தான் கூலி உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வந்தது. பின் சீட்டில் உட்கார்ந்து கையசைத்தவர்களில் சிலர் சட்டசபைக்குப் போனார்கள். உப்பளத்தின் பக்கம் திரும்பி வரவில்லை.

வண்டி மட்டும் வந்தது.

"என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"போன ஊர்வலத்துல பாதி வழியில கொதிச்சு நின்னுட்டு. சூடு காட்டுற மீட்டரப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். முள் அசையவே இல்ல. பச்சையிலயே நின்னுச்சு."

"அடுத்த ஊர்வலம் எப்போ?"

"வார ஞாயித்துக்கிழம. உப்பளத்துல நிழலுக்கு ஒரு கூரையும் குடிக்கத் தண்ணியும் கேட்டுப் போறோம். இன்னொரு தடவ வண்டி நின்னா எடைக்குப் போட்டுரணும்னு கமிட்டியில சொல்லிட்டாங்க."

சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"வண்டியப் போட்டா என்னையும் போட்டாப்லதான்."

மேரி பானெட்டைத் தூக்கினாள். வெப்பம் பார்க்கும் சென்சார், ரேடியேட்டரின் அடியிலிருந்து என்ஜினுக்குப் போகும் கீழ் ஹோஸில் இருந்தது.

"இத இங்கன மாட்டுனது யாரு?"

"நான்தான் மாட்டச் சொன்னேன்."

"முன்ன எங்க இருந்துச்சு?"

"என்ஜின் தலையில. ஊர்வலம்னா நடக்குற வேகத்துலதான வண்டி போவும்? காத்தே அடிக்காது. முள் கிடுகிடுன்னு சிவப்புக்கு ஏறும். பக்கத்துல இருக்கவன் 'இறங்கிருவோம் தோழர்'ம்பான். தலைவன் நடு ரோட்டுல இறங்கி நின்னா நல்லாவா இருக்கும்? அதான், முள் ஏறாத இடமாப் பாத்து மாத்தச் சொன்னேன்."

"அருமையான இடம். பயமே வராது."

அவள் உள்ளே உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினாள். சூடேறட்டும் என்று காத்திருந்தார்கள்.

பெட்ரோல் வாடையோடு பழைய சீட்டின் வாடையும் வந்தது. மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளை வெளேரென்ற உப்புப் பாத்தி. பின்னால் பெண்களின் குரல். வரிசையின் முடிவைப் பார்க்க முடியாது, புழுதியைத்தான் பார்க்கலாம்.

"எங்கம்மாவும் இந்த வண்டிக்குப் பின்னால நடந்தவதான்" என்றாள் மேரி. "உப்புல வெடிச்ச காலோட."

"பேரு?"

"சந்தனமாரி."

"மோர்ப் பானையத் தலையில வச்சுக்கிட்டே கோஷம் போடுவா. ஒரு சொட்டுச் சிந்தாது!"

"ஆமா. அவதான்."

மேரி இறங்கி வந்து, அவர் கையைப் பிடித்துக் கீழ் ஹோஸின் மேல் வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"வெதுவெதுன்னு இருக்கு."

பிறகு மேல் ஹோஸில் வைத்தாள். அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"கீழ வாரது ரேடியேட்டர் ஆத்தி அனுப்புற தண்ணி. நீங்க அதக் கேட்டுக்கிட்டுத்தான் வண்டி ஓட்டியிருக்கிய."

"சரி. அப்ப மேல் ஹோஸ்ல மாட்டு."

"பழைய இடத்துல வேண்டாமா?"

"அங்க ரொம்ப ஏறும்மா. ஹோஸே போதும். சூடு தெரியுதுல்ல?"

மேரி என்ஜினை அணைத்து, சென்சாரைக் கழற்றி மேல் ஹோஸில் மாட்டினாள். குறைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி கிளப்பினாள். முள் ஏறியது.

"இப்பப் பொய் சொல்லல பாத்தியா?"

அவள் ரேடியேட்டரின் அடியில் இருந்த குழாயைத் துணியால் பிடித்துத் திறந்தாள். சுடுதண்ணீர் பக்கெட்டில் விழுந்தது. மாசிலாமணி மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முள் இறங்கியது.

"ஏ மேரி! குளிருதே! என்ன செஞ்ச?"

அவள் பாய்ந்து சாவியைத் திருப்பினாள். என்ஜின் இரண்டு முறை உதறிவிட்டு நின்றது. அதன் தலையிலிருந்து அனல் முகத்தில் அடித்தது.

"குளிரல தலைவரே. இன்னும் கொஞ்சம் விட்டா வெடிச்சிருக்கும்."

"முள் இறங்குச்சே?"

"ஹோஸ்ல தண்ணி இல்ல. சென்சார் வெறுங்காத்துல தொங்குது. யாரு சொல்லுவா அதுக்கு, சூடா இருக்குன்னு?"

அவள் என்ஜின் தலையில், யாரோ திருகி அடைத்திருந்த பித்தளை மூடியை ஸ்பானரால் தட்டினாள்.

"தீ எரியுற இடம் இதுக்கு அடியிலதான். இங்கன மாட்டுனா, தண்ணியே போனாலும் இரும்பு சொல்லிரும்."

மாசிலாமணி குனிந்து மீட்டரைப் பார்த்தார். முள் பச்சையில் அமைதியாகப் படுத்திருந்தது.

"அப்பல்லாம் சங்கக் கூட்டத்துல சட்டையப் பிடிப்பாங்க" என்றார். "உங்கம்மா ஒரு தடவ மைக்கப் பிடுங்கிட்டா. 'ஒன் பேச்சு போதும், எங்க கூலி என்னாச்சு'ன்னு கேட்டா. ராத்திரி முழுக்க ஒரே சண்ட."

"இப்ப?"

"இப்ப ஒரு சத்தமும் இல்ல. நான் பேசுறேன். கேக்குறாங்க. போறாங்க. எல்லாம் நல்லபடியாத்தான்…"

மேரி கையைத் துடைத்தாள்.

"கூட்டத்துக்கு எத்தன பேரு வாராவ அண்ணாச்சி?"

தலைவரே என்று அவள் சொல்லவில்லை.

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரோரம் இருந்த குளிர்ந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்.

"எதுல ஊத்தணும்? சொல்லு. இப்பவே ஊத்திருதேன்."

மேரி குடத்தின் வாயைக் கையால் மூடினாள்.

"இப்ப ஊத்துனா என்ஜின் விரிசல் விட்டுரும். அது ஆறணும். அதுவரைக்கும் பேசாமப் பக்கத்துல உக்காருங்க."