வெளுத்துப்போன படை

ஒரு ஊர்ல ஒரு படை இருந்துச்சாம். நூறு வீரனுங்க. ஆனா மொத்தப் படையும் ஒரு முறத்துல அடங்கிரும்! ம் கொட்டு.

ஒவ்வொருத்தனும் கட்டைவிரல் உசரம், ஈயத்துல வார்த்தது. அந்த ஊர்க்காரங்க இவங்கள மேசை மேல நிறுத்தி, தாயக்கட்டைய கடகடன்னு உருட்டி, பழைய காலத்துச் சண்டைய மறுபடி போடுவாங்க. இந்த நூறு பேருக்கும் வர்ணம் தீட்டினவ வடிவு. மெல்லிசுத் தூரிகையால, மூச்ச அடக்கிக்கிட்டு, தலப்பாக் கோடு, மீசை, கண்ணுமணின்னு ஒரு வருஷம் ஒக்காந்து தீட்டினா.

அப்புறம் இப்படி வெளையாடுறவங்களோட சங்கத்துல, யாரு படைக்கு நல்லா வர்ணம் தீட்டியிருக்காங்கன்னு போட்டி வெச்சாங்க. முந்தின நாளே படைய ஒப்படைக்கணும். ஒப்படைச்சா. மறுநாள் மழையில நனைஞ்சுக்கிட்டுப் போய்ப் பாக்குறா, படைக்கு முன்னாடி வெச்ச அட்டையில 'வர்ணம்: நாகலிங்கம்'னு எழுதியிருக்கு! சங்கத் தலைவரு அவரு. என்ன நெஞ்சழுத்தம் பாரு!

"அண்ணே, இது நான் தீட்டினது."

"போம்மா, பொம்பளைக்குச் சண்டையப் பத்தி என்ன தெரியும்?"

வடிவுக்கு வயிறு எரிஞ்சுது. எரியாதா பின்ன? சொல்ற எனக்கே எரியுது.

அப்போ அந்த மனுசன், படை பளபளக்கட்டும்னு வார்னிஷ் டப்பாவ எடுத்தாரு. கொட்டுற மழையில! ஈரக்காத்துல வார்னிஷ் அடிச்சா வெளுத்துப்போகும், தூரிகை பிடிச்ச யாருக்கும் இது தெரியும்.

"அடிக்காதீங்கண்ணே!"

கேட்டாரா? புஸ்ஸ்ஸ்! நூறு பேரும் சாம்பல் பூசின மாதிரி வெள்ள வெளேர்னு ஆயிட்டாங்க. மீசையக் காணோம், கண்ணக் காணோம்.

நடுவரு வந்து பாத்தாரு. "உங்க படைதானே? சரிபண்ணுங்க."

நாகலிங்கம் ஒருத்தன எடுத்துத் துணியால தொடச்சாரு, சரக் சரக். போகல. அப்புறம் வாயால ஊதினாரு, உஃப் உஃப். போகல. அப்புறம் தண்ணியில முக்கினாரு, பொளக். ம்ஹூம், போகவே இல்ல.

அப்போ வடிவு, வாசல்ல ஏத்தியிருந்த குத்துவிளக்குலேர்ந்து ஒரு சொட்டு எண்ணெயத் தூரிகையில தொட்டு அந்த வீரன் மேல தடவினா. வெளுத்த வார்னிஷுக்கு எண்ணெய்தான் மருந்து. செவப்புத் தலப்பா வந்துச்சு, மீசை வந்துச்சு, கண்ணு முழிச்சுப் பாத்துச்சு. என்ன, உன் 'ம்' சத்தத்தக் காணோம்? ம்... சரி.

"மிச்சத்தையும் சரிபண்ணிரும்மா"ன்னு கெஞ்சுறாரு நாகலிங்கம்.

வடிவு தூரிகையக் கீழ வெச்சுட்டா. "மொதல்ல அட்டையில எம்பேர எழுதுங்க. உங்க கையாலேயே."

அத்தன பேரும் பாக்க, எழுதினாரு.

அப்புறந்தான் அவ ரெண்டாவது வீரனக் கையில எடுத்தா. நூறு பேரும் கண்ணு முழிச்சாச்சு, கதையும் ஆச்சு. நீ கண்ண மூடு.